மாலை வேண்டாமுங்க, அவைக்குறிப்பைக் கொண்டு வாருங்கள்

கொங்கு நாட்டின் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கமுங்க.

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று எந்த மாவட்டத்தில் எந்தச் சின்னத்தில் ஜெயித்தவராக இருந்தாலும் சரி, இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். பொள்ளாச்சிப் பக்கம் கொஞ்சம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எந்தக் கட்சியிலும் இல்லை. ஓட்டு மட்டும் ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை.

போன தை மாதம் நெகமம் பக்கம் ஒரு கல்யாணம். உங்களில் ஒருவர் வந்தார். முன்னால் இரண்டு கார், பின்னால் மூன்று. மேடை ஏறினார், மாலையை எடுத்துக் கொடுத்தார், போட்டோவுக்கு நின்றார், மாப்பிள்ளையின் தோளில் தட்டினார், இறங்கினார். பந்திக்கு வரவில்லை. கை சும்மா இருக்காமல் கடிகாரம் பார்த்தேன்: ஆறு நிமிடம். அன்றைக்கு அது அவருக்கு ஏழாவது கல்யாணமாம். அடுத்து இரண்டு காதுகுத்து, ஒரு கெடா வெட்டு, ஒரு துக்க வீடு. பக்கத்து இலையில் இருந்த பங்காளி பெருமையாகச் சொன்னார்: "நம்ம ஆளு கூப்பிட்ட குரலுக்கு வந்துருவாருங்க." "சபையில என்னங்க பேசினாரு?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சோற்றில் ரசத்துக்குக் குழி பறிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானே முதல் தடவையாகக் கேட்ட கேள்வி அது. அறுபது வயது தாண்டிய பிறகு!

கேட்கத் தோன்றியதற்கும் ஒரு காரணம் உண்டு. என் பேரன் கல்லூரியில் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று சி.சுப்பிரமணியத்தைப் பற்றி என்னிடம் விசாரித்தான். "பாரத ரத்னா, பசுமைப் புரட்சி, நம்ம செங்குட்டைப்பாளையத்துக்காரரு" என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டேன். "அது புத்தகத்துலயே இருக்குங்க தாத்தா" என்றான். ரோசமாகிவிட்டது. மக்களவையின் பழைய விவாதங்களை நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் போட்டிருக்கிறது என்று அவனே தேடி எடுத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து, அகராதியும் கையுமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுத்து மங்கிய பக்கங்கள். சில இடங்களில் பக்கமே கோணலாக விழுந்திருக்கும். ஆனால் ஒன்று மட்டும் கண்ணை உறுத்தியது. கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து உரம் ஏன் வரவில்லை என்கிறார், அமைச்சர் சுப்பிரமணியம் பதில் சொல்கிறார். இன்னொருவர் துணைக் கேள்வி, மறுபடி பதில். மூன்றாமவர் குறுக்கே புகுகிறார், மறுபடி பதில். ஒரே பக்கத்தில் இடது ஓரமாக அவர் பெயர் ஐந்தாறு முறை படி போல இறங்கிக்கொண்டே போகிறது. அத்தனை முறை அந்த மனிதர் உட்கார்ந்து எழுந்திருக்கிறார். அவர் சிலைக்கு மாலை போடுகிறவர்கள் அந்த ஒரு பக்கத்தையாவது பார்க்க வேண்டும் என்று நினைத்துத்தான் பேனாவை எடுத்தேன்.

சி.எஸ். என்றுதான் எங்கள் பக்கம் சொல்வோம். 1910-ல் பிறந்தவர். சென்னையில் படித்து, கோவையில் வக்கீலாக இருந்து, சிறைக்குப் போய், அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து, 1952-லிருந்து பத்து வருடம் சென்னை மாநிலத்தில் அமைச்சர். 1954-ல் ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியபோது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் பதவிக்குக் காமராஜரை எதிர்த்து நின்றார். 93-க்கு 41 என்று தோற்றார். தோற்றவரைக் கூப்பிட்டுக் காமராஜர் மறுபடியும் அமைச்சர் ஆக்கினார். நிதியும் கல்வியும் சட்டமும் அவர் கையில். சபை முன்னவரும் அவரே. இந்தக் காலத்தில் கட்சிக்குள் ஒருவரை எதிர்த்து நின்றவருக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்ட மசோதாவைச் சபையில் கொண்டுவந்தவர் அவர். 1957-ல் அண்ணாவோடு 15 பேர் தி.மு.க.விலிருந்து உள்ளே வந்தார்கள். எதிரில் அப்படிப்பட்ட பேச்சுக்காரர்கள் இருக்க, அரசு தரப்பில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய முதல் ஆள் சபை முன்னவர். அண்ணா பேசினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், சி.எஸ். பேசினால் குறித்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் அப்பா சொல்வார். அப்பா காங்கிரஸ்காரர், அதனால் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

1962-ல் பொள்ளாச்சியில் நின்று மக்களவைக்குப் போனார். உருக்கு, கனரகத் தொழில் என்று இரண்டு வருடம். 1964-ல் சாஸ்திரி பிரதமரானதும் உணவு, விவசாயத் துறை இவர் தலையில் விழுந்தது. தலையில் விழுந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு யாரும் விரும்பி வாங்காத துறை அது. விலை ஏறினால் திட்டு, மழை பொய்த்தால் திட்டு, அமெரிக்கக் கப்பல் தாமதமானால் திட்டு. 1966-ல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. துறைமுகத்தில் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடையில் மூட்டை பிரியும் என்ற நிலை.

அந்த நேரத்தில்தான் மெக்சிகோவின் குட்டைக் கோதுமை விதையை இறக்கலாம் என்றார். வெளியில் கதையாகச் சொல்லும்போது, விஞ்ஞானிகள் சொன்னார்கள், அமைச்சர் தலையாட்டினார், விளைந்துவிட்டது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்படி நடக்கவில்லைங்க. உரத்துக்கு அந்நியச் செலாவணி எங்கே என்று நிதி அமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி மறித்தார். திட்டக் குழுவில் சந்தேகம். அமெரிக்காவின் பிடியில் போய் விழுகிறோம் என்று இடதுசாரிகள். பணக்கார விவசாயிக்குத்தான் லாபம் போகும் என்று இன்னொரு பக்கம். இதில் கடைசிக் கேள்வி இன்றைக்கும் நியாயமான கேள்வி என்பது என் எண்ணம். அத்தனைக்கும் அந்த மனிதர் பதில் சொல்ல வேண்டியிருந்தது. விவசாயிகளின் வயலிலேயே மாதிரிப் பாத்திகள் போட்டுக் காட்டச் சொன்னார். டெல்லியில் தன் அரசு பங்களாவின் புல்வெளியை உழுது கோதுமை விதைத்தார். கொங்குக் குடியானவன் புத்தி அது: நம்பாதவனைக் கூட்டிவந்து வரப்பில் நிறுத்திவிடுவது. 1966-ல் 18,000 டன் விதை வந்து இறங்கியது.

இந்திய உணவுக் கழகமும் விவசாய விலைக் குழுவும் 1965 ஜனவரியில் வந்தவை. உணவுக் கழகத்தின் முதல் அலுவலகம் பொங்கலன்று தஞ்சாவூரில் திறந்தது. விளைவிக்கச் சொன்னால் மட்டும் போதாது, விளைந்ததை ஒரு விலைக்கு வாங்க ஆள் வேண்டும் என்ற கணக்கு. இன்று கொப்பரைக்கு ஆதார விலை கேட்டு நாம் போராடுகிறோமே, அந்த வழக்கத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன்.

அதே 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. பிப்ரவரி 11 அன்று சி.எஸ்.ஸும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள் (பிறகு அது ஏற்கப்படாமல் பதவியில் தொடர்ந்தார்கள்). அன்று இரவே சாஸ்திரி வானொலியில் உறுதிமொழி கொடுத்தார். அந்த ராஜினாமா இல்லாமல் அந்தப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் வந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் மறுநாள், பிப்ரவரி 12, அவரை டெல்லிக்கு அனுப்பிய இதே பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு. எங்கள் சித்தப்பா அன்றைக்கு மாட்டு வண்டியில் சந்தைக்குப் போனவர். மாட்டை அவிழ்த்துக்கொண்டு வண்டியை அப்படியே ரோட்டில் விட்டுவிட்டு, தோட்டம் தோட்டமாக நடந்து ராத்திரி வீடு வந்து சேர்ந்தார். அந்த வண்டியின் நுகத்தடி பல வருடம் எங்கள் சாளையில் சாத்தியிருந்தது. அதைப் பார்த்தால் அவர் காங்கிரஸைத் திட்டுவார். ராஜினாமா செய்தாரே என்று அப்பா சொன்னால், "செஞ்சு?" என்று ஒரே சொல்லில் கேட்பார்.

1967-ல் அந்தக் கேள்வியை மாநிலமே கேட்டது. சி.எஸ். கோபிச்செட்டிபாளையத்தில் நின்று தோற்றார். ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று மேடைக்கு மேடை முழங்கிய தேர்தல் அது. நாட்டின் உணவு அமைச்சர் அதில் நிற்கிறார் என்றால் முடிவைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை. விருதுநகரில் காமராஜரே தோற்ற வருடம். அடுத்த வருடம், 1968-ல், கோதுமை 1.65 கோடி டன் விளைந்தது. அதற்கு முன் நாடு கண்ட அதிகபட்சம் 1.23 கோடி டன்தான். பள்ளிக்கூடங்களில்கூட மூட்டை அடுக்கினார்கள். தபால் துறை 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலை வெளியிட்டது. விதைக்கக் காரணமானவர் அன்றைக்கு அமைச்சரும் இல்லை, எம்.பி.யும் இல்லை.

இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்றால், சபையில் ஒழுங்காகப் பேசினால் நாங்கள் ஓட்டுப் போடுவோம் என்று பொய்ச் சத்தியம் செய்ய எனக்கு மனமில்லை. போட மாட்டோம். போட்டதில்லை. கோவைக்காரர் ஆர்.கே.சண்முகம் செட்டியார் 1933-ல் மத்திய சட்டசபையின் தலைவராக உட்கார்ந்தார். அடுத்த வருடத் தேர்தலிலேயே தோற்றார். பிறகு 1947 நவம்பர் 26 அன்று சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை வாசித்தவர் அவர்தான். வரவு 171.15 கோடி, செலவு 197.39 கோடி. ஒரு நாட்டின் கணக்கு! இன்று நம் ஊர் மேம்பாலம் ஒன்றிரண்டுக்கே அவ்வளவு போகிறது. அவிநாசி ரோட்டில் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், பத்தில் எட்டுப் பேர் கடைப் பெயரா என்பார்கள்.

அப்புறம் குமாரமங்கலத்து சுப்பராயன் குடும்பம். 1957-ல் அமைந்த மக்களவையில் அப்பா திருச்செங்கோட்டு காங்கிரஸ் உறுப்பினர், பிறகு மத்திய அமைச்சர். மகள் பார்வதி கிருஷ்ணன் கோவையின் கம்யூனிஸ்ட் உறுப்பினர். ஒரே கூரையின் கீழ் அப்பா ஆளும் வரிசை, மகள் எதிர் வரிசை. 1973 மே 31 விமான விபத்தில் அவர் அண்ணன் மோகன் குமாரமங்கலமும், அன்றைய கோவை எம்.பி. பாலதண்டாயுதமும் சேர்ந்தே இறந்துபோனார்கள். காலியான அந்தக் கோவைத் தொகுதிக்கு 1974-ல் நின்று ஜெயித்துப் பார்வதி மறுபடி சபைக்குப் போனார். அண்ணனைக் கொண்டுபோன அதே விபத்தால் காலியான நாற்காலியில் போய் உட்கார்ந்து பில் ஷரத்தைப் படிப்பதற்கு என்ன நெஞ்சுரம் வேண்டும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு விளங்கவில்லை.

சி.எஸ்.ஸை நான் சாமி ஆக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில் நாட்டின் நிதி அமைச்சர் அவர்தான். சபையில் நடப்பதைப் பத்திரிகைகள் பயமில்லாமல் எழுத 1956-ல் பெரோஸ் காந்தி ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். 1975 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் போட்டு அதை நீக்கினார்கள். பெரோஸின் மனைவிதான் பிரதமர். எதிர்க்கட்சிக்காரர்களில் பலர் சிறையில். மிச்சம் இருந்தவர்கள் பேசியது சபைக்கு வெளியே போகவில்லை. பத்து வருடத்துக்கு முன் மொழிக்காக ராஜினாமா எழுதிய கை அப்போது எழுதவில்லை. கிராம வங்கிகள் வந்தது அந்தக் காலத்தில்தான் என்று ஒருவர் எனக்குப் பதில் சொன்னார். வந்தது, மறுக்கவில்லை. எங்கள் சங்கத்துக் கணக்குப் புத்தகத்தில் வரவை வரவுப் பக்கத்தில்தான் எழுதுவோம். அதற்காகப் பற்றை அழிக்க மாட்டோம். 1979-ல் சரண் சிங் அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சரானார். அந்த அரசு மக்களவையை ஒரு நாள்கூடச் சந்திக்காமலே ராஜினாமா செய்தது. கேள்விக்குக் கேள்வி எழுந்து நின்றவரின் அமைச்சர் வாழ்க்கை இப்படியா முடிய வேண்டும்? 1998-ல் பாரத ரத்னா, 2000 நவம்பரில் மறைவு.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் மக்களவை ஐந்து வருடத்தில் 677 நாள் கூடியது. 2019-ல் அமைந்த மக்களவை ஐந்து வருடத்தில் 274 நாள். பேச நேரமே தருவதில்லை என்று நீங்கள் சொல்வது புரிகிறது, உண்மைதான். ஆனால் கேள்வி எழுதிக் கொடுக்க நேரம் எதற்கு? நட்சத்திரக் குறி போட்ட கேள்வி என்றால் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 20தான், அதுவும் குலுக்கலில். கிடைக்காவிட்டால் குறியில்லாத கேள்வி. எழுத்தில் பதில் வந்தே தீர வேண்டும். அது நிரந்தரமாகப் பதிவாகி நிற்கும். கல்யாண மேடையில் எடுத்த போட்டோ மாதிரி போனோடு போய்விடாது.

கேட்க விஷயமா இல்லை? என் தோட்டத்து வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஏ.பி. என்கிற பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டப் பாசனம் நாலு மண்டலம், 3.77 லட்சம் ஏக்கர். ஒரு மண்டலத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். கடைமடைக்கு வரும்போது அது தண்ணீரா, ஈரமா என்று சண்டை. கேரளத்தோடு போட்ட ஒப்பந்தம் 1958 நவம்பர் 9-லிருந்து கணக்கு. 30 வருடத்துக்கு ஒரு முறை மறுஆய்வு என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியானால் 1988-ல் முடிந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பிறந்த குழந்தைகள் இன்று பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். ஆனைமலையாறு–நல்லாறு திட்டத்தை ஒவ்வொரு தேர்தலிலும் துண்டறிக்கையில் படிக்கிறேன். அவைக்குறிப்பில் எத்தனை தடவை வந்திருக்கிறது? அக்டோபர் 7 வந்தால் பி.ஏ.பி. தினம் என்று மேடை போட்டு, 1961-ல் நேரு வந்து தொடங்கிவைத்ததைப் பற்றி நீங்களும் பேசுகிறீர்கள், நாங்களும் கை தட்டுகிறோம்.

தென்னையில் வெள்ளை ஈ, வேர் வாடல். வெட்டித் தள்ளிய மரத்தின் தூரை எண்ணவே பயமாக இருக்கிறது. போர்வெல் ஆயிரம் அடி தாண்டிப் போய்விட்டது. சோமனூரில் விசைத்தறிக் கூலி, திருப்பூரில் பஞ்சு விலை, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய சாயத் தண்ணீர். அந்த அணை 1992-ல் பாசனத்துக்கென்று கட்டியது. கடைசியில் சாயக் கழிவு பிரச்சினையைப் பிடித்து நிறுத்தியது நீதிமன்றம். 2011-ல் உயர் நீதிமன்றம் ஆலைகளை மூடச் சொன்னது. விவசாயி வக்கீலைத் தேடிப் போவதற்கு முன், அவன் அனுப்பிய உறுப்பினர் சபையில் அந்த வேலையைப் பார்த்திருக்க வேண்டாமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. நீங்கள் கேட்ட கேள்விகள், அதற்கு வந்த பதில்கள், கலந்துகொண்ட விவாதங்கள், அரசு கேட்ட செலவைக் குறைக்கச் சொல்லிப் போட்ட வெட்டுத் தீர்மானங்கள், சபைக்குப் போகாத நாட்கள் எல்லாவற்றையும் தமிழில் இரண்டு பக்கத்துக்கு அச்சடித்து, வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஊராட்சிக்கும் அனுப்புங்கள். நோட்டீஸ் பலகையில் நாங்கள் ஒட்டிக்கொள்கிறோம். பசைக்குக் காசு கேட்க மாட்டோம். சட்டமன்ற உறுப்பினர்கள் மானியக் கோரிக்கையில் பேசியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைவருக்குப் புகழ் பாடிய பகுதியை வெட்டிவிட்டால் பேப்பர் மிச்சம்.

எங்கள் சங்கக் கட்டடத்தில் மாதத்தின் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்கு முப்பது நாற்பது பேர் கூடுகிறோம். எல்லாக் கட்சிக்காரரும் உண்டு. உங்களில் யார் வந்தாலும் ஒரு மணி நேரம் உட்கார நாற்காலி போடுகிறோம். சால்வை, மாலை, பட்டாசு எதுவும் கிடையாது. டீயும் நெகமம் பக்கோடாவும் உண்டு. வரும்போது அந்த இரண்டு பக்கத்தை மட்டும் கொண்டு வாருங்கள். முதல் துணைக் கேள்வி என்னுடையது.

இப்படிக்கு,
பொள்ளாச்சி வட்டத்து வாக்காளன் ஒருவன்